விஞ்ச்காரர் தவராசாவும் ஏழடிக் கோம்போவும்

தவராசா கோபக்காரர் அல்லர். ஆனால் அலுத்துக்கொள்வதில் திருகோணமலை நகரத்தில் அவரை மிஞ்ச ஆள் இருக்கவில்லை. மீன் மலிந்தால் பழசு என்பார். விலை ஏறினால் கொள்ளை என்பார். மழை வந்தாலும் பிழை, வராவிட்டாலும் பிழை. நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் தலையணை உயரம் என்றார். ஒன்றை எடுத்ததும் தலை தாழ்கிறது என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தம்பலகாமத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. விளைந்த நெல்லை யானை தின்றுவிட்டுப் போன ஒரு போகத்தில், யானையை விட்டுவிட்டுத் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு நகரத்துக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். பிறகு விஞ்ச் பிடித்தார். கப்பலின் அடிவயிற்றிலிருந்து சாமான் தூக்கி இறக்கும் அந்த இயந்திரத்தின் லீவரைப் பிடித்த கை, ஓய்வு பெறும்வரை வேறு வேலை செய்யவில்லை. சண்டைக்காலம் முழுவதும் அந்த லீவரில்தான் போயிற்று.

அவர் ஒன்றைப் படிக்கவென்று உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தோற்றது வாழ்க்கையில் ஒரு தடவைதான். அது துறைமுகத்தில் அல்ல. இரண்டாயிரமாம் ஆண்டில், வீட்டு முன்னறையில், ரீவிக்கு முன்னால்.

ரீவியோடு பொருத்தும் பிளேஸ்ரேசன் விளையாட்டுப் பெட்டி ஒன்றை மனைவி கமலாதேவியின் தம்பி கனடாவிலிருந்து கொண்டுவந்து கொழும்பில் விட்டுப் போயிருந்தார். அது சாமான் லொறியில் வீடு வந்து சேர்ந்தது. வழியில் எந்தச் சோதனைச் சாவடியிலோ கழற்றிப் பார்த்துவிட்டு மூடியிருந்தார்கள். ஒரு திருகாணி குறைந்தது. மகள் வதனி பழைய றேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டினாள். அவளுக்கு அது கைவந்த வேலை.

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்துவிட்டது. கொழும்புக்குப் பக்கத்து மொறட்டுவையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. பதிவு நாள் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறு மணிக்குப் பிறகு தெருவில் நாய் மட்டும்தான். ஆகவே அவள் சண்டை விளையாட்டு விளையாடினாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய கள்ளச் சீடி. எழுத்தெல்லாம் யப்பான் மொழி. எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று சொல்லித்தர ஒருவருமில்லை. அவளாகவே அமத்தி அமத்திக் கண்டுபிடித்தாள்.

பதிவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்று, "நான் போகேல்ல" என்றாள்.

தவராசாவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் கதிரையை விட்டு எழும்பினார்.

"என்ன போகேல்ல? என்னத்துக்குப் போகேல்ல?"

"இஞ்ச இருந்து ரியூசன் குடுக்கிறன்."

"ரியூசனோ! மாவட்டத்தில எத்தினை பேருக்கு இந்த இடம் கிடைச்சது? விசரே உனக்கு?"

"எனக்கு விருப்பமில்லை அப்பா. அவ்வளவுதான்."

அடுத்த நாள் கேட்டால் விடுதிச் சாப்பாடு சரிவராது என்றாள். அதற்கடுத்த நாள் சிங்களம் தெரியாது என்றாள். அவளுக்குச் சிங்களம் தெரியும். பொய் என்று தவராசாவுக்கு விளங்கியது. எதற்கு என்று விளங்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையை இந்த ஊரில் வைத்திருப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல. ஆமியின் சுற்றிவளைப்பு ஒரு பக்கம். இயக்கத்தின் ஆள் பிடிப்பு மறுபக்கம். கதவை யார் தட்டினாலும் கமலாதேவி முதலில் மகளைத்தான் பார்ப்பாள். போக ஒரு வழி திறந்திருக்கிறது. இவள் ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருக்கிறாள்.

"அதைக் கீழ வை! நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்!"

அவள் வைக்கவில்லை. திரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தி ஒரு தடியனை மேலே எத்தினாள். அவன் நிலத்தில் விழுவதற்குள் படபடவென்று மேலும் ஆறு அடி விழுந்தது.

"இதைப் பாத்தீங்களே? ஏழடிக் கோம்போ. இடையில அவன் நிலத்தில முட்டக்கூடாது. இதை ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ. நான் போறன்."

"இதையோ?"

"ஓம். இதைத்தான்."

"அஞ்சு தொன் இரும்பை முட்டை மாதிரி இறக்கிற கை இது."

"அப்ப உங்களுக்கு லேசுதானே" என்று சொல்லி, கையிலிருந்த கொன்ரோலரை நீட்டினாள்.

ஒரு பின்னேரத்தில் முடிகிற காரியம் என்று தவராசா நினைத்தார். வாங்கிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். முழங்கால் நொந்தது. கதிரையில் ஏறினார்.

முதல் எத்து லேசாக வந்தது. இரண்டாவதும் சில வேளை வந்தது. மூன்றாவதில் தடியன் பொத்தென்று விழுந்தான். எழும்பி நின்று தோளை ஆட்டினான். திரும்ப எத்தினால் திரும்ப விழுந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட்டினான்.

"இவன் என்ன, என்னைப் பாத்துச் சிரிக்கிறானோ?"

"அவன் எல்லாரையும் பாத்து அப்பிடித்தான் அப்பா."

வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணிக்கு முன் அதுதான் என்றாயிற்று. பிழை முதலில் பொத்தானில் இருந்தது. பிறகு வயரில். ஒரு நாள் கொன்ரோலரை முக்காலியில் வைத்து, குனிந்து நின்று, உள்ளங்கையால் அமத்திப் பார்த்தார். அது வழுக்கி நிலத்தில் விழுந்தது.

"யப்பான்காரன்தான் எங்கட விஞ்சையும் செய்தவன். அதில இப்பிடி ஏமாத்தேல்ல."

கமலாதேவிக்கு வேறு கவலை. "இஞ்சாருங்கோ, செய்தி போய்க்கொண்டிருக்கு. எங்க என்ன நடக்குதெண்டு தெரியாமல் சமைச்சுக்கொண்டு நிக்கிறன். அந்தத் தடியனை ஒருக்கா விடுங்கோவன்."

"ஆர் விடுறது? அவன்தான் என்னை விடுறானில்லை."

கரண்ட் நின்றால் திட்டினார். வந்தால் அதையும் திட்டினார். பெருவிரல் இரண்டும் வீங்கின. கமலாதேவி நல்லெண்ணெய் சுடவைத்துத் தடவினாள். பதிவு நாள் கிட்டிக்கொண்டு வந்தது. தடியன் மூன்றாம் அடியில் விழுந்துகொண்டேயிருந்தான்.

வதனிக்கே பொறுக்கவில்லை. போகக்கூடாது என்று ஆசைப்பட்டவள்தான். ஆனால் பிழையான கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஏலாது.

"அப்பா, நீங்கள் அடி பட்டதைப் பாத்துட்டு அடுத்ததை அமத்துறியள். அப்ப பிந்திட்டுது. அடி பட முன்னமே அமத்த வேணும்."

"படாமல் எப்பிடி? முதல் அடி பிழைச்சால்?"

"பிழைச்சால் விழும். அதுக்காக நிண்டு பாக்கேலாது. அந்த இடைவெளி ஒரு நொடியில பத்தில ஒண்டுகூட இல்லை."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு லீவரை இழுக்கச் சொல்லுறாய்."

"இதில ஒருத்தரும் சாகமாட்டினம் அப்பா!"

தவராசா கொன்ரோலரை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

விஞ்ச் பிடிக்கிறவனுக்குத் தான் தூக்குகிற சாமான் தெரியாது. அது கப்பலின் அடியில் கிடக்கும். அதைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். கப்பல் தட்டில் திறந்திருக்கும் குழியின் விளிம்பில் ஒருவன் நின்று கீழே பார்த்துக் கை காட்டுவான். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. விரலை மடக்கிப் பொத்தினால் நிறுத்து. விஞ்ச்காரன் பார்ப்பது அந்தக் கையை மட்டும். கை அசையாமல் லீவர் அசையக்கூடாது. தவராசா வேலை பழகிய காலத்தில் அடுத்த கப்பலில் ஒருவன் கை காட்டுமுன் இழுத்துவிட்டான். கீழே நின்றவரின் பெயர் தவராசாவுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் வீட்டில் கதைத்ததில்லை. அந்த நாளிலிருந்து, காட்டப்படாத ஒன்றுக்காகத் தன் கையை அசைக்காமல் வைத்திருக்கப் பழகியவர். இப்போது மகள் அதை மாற்றச் சொல்கிறாள். மண்டைக்கு விளங்கியது. பெருவிரலுக்கு விளங்கவில்லை.

பதிவுக்கு ஒரு கிழமை இருக்கையில், துறைமுகத்தில் ஏதோ எச்சரிக்கை என்று மதியத்தோடு எல்லாரையும் வெளியேற்றினார்கள். கிண்ணியாவுக்கு ஆட்களை ஏற்றும் பாதைப் படகு ஓடவில்லை. ஆகவே கிண்ணியாக்காரர் கலீலுர் றஹ்மான் தவராசாவோடு வீட்டுக்கு வந்தார். குழி விளிம்பில் நின்று தவராசாவுக்குக் கை காட்டுகிறவர் அவர்தான். வயதில் மூத்தவர். தவராசா அவரை அண்ணன் முறையில் காக்கா என்பார். அத்தனை வருடமும் இருவரும் ஒரே விஞ்சில். வேலை நேரத்தில் ஒரு சொல் பேசத் தேவைப்பட்டதில்லை. வேலை முடிந்தால் றஹ்மானின் வாய் மூடாது.

அவர் தேத்தண்ணியைக் குடித்தபடி தவராசாவின் சண்டையைப் பார்த்தார். தடியன் விழுந்தான். தோளை ஆட்டினான்.

"இதுக்கா நீ நாலு நாளா விரலுக்குத் துணி சுத்திட்டு வந்தாய்? நான் கமலா தங்கச்சி அடிச்சிட்டா எண்டெல்லோ ஓவசியருக்குச் சொல்லிவெச்சன்!"

"காக்கா, சும்மா இருங்கோ. நானே கொதியில இருக்கிறன்."

"கொதிச்சு என்ன? நீ நிக்கிறாய் தவராசா. ஒவ்வொரு அடிக்கும் ஒருக்கா நிக்கிறாய். ஆரும் கை காட்டுவாங்க எண்டு பாத்துட்டு நிக்கிற மாதிரி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மகள், அதை நீ ஒருக்கா அடி. நான் பாக்கட்டும்."

வதனி அடித்தாள். ஏழும் விழுந்தன.

"இன்னொருக்கா."

அடித்தாள். றஹ்மான் தேத்தண்ணிக் கோப்பையை யன்னலில் வைத்துவிட்டு அவளுடைய விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது முறை அவள் அடிக்கும்போது அவருடைய வலக்கை தொடைக்குப் பக்கத்தில் தானாக அசைந்தது. தொங்குகிற சாமான் ஆடி வருவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று தெரிந்து கை காட்டுகிறவர் அவர். வந்தபிறகு காட்டினால் கீழே ஆள் இருக்காது. தவராசா நின்று பார்க்கப் பழகியவர் என்றால், றஹ்மான் முந்திப் பார்க்கப் பழகியவர்.

எழும்பி ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். குழி விளிம்பில் நிற்பதுபோலவே உடம்பைச் சரித்து, கண்ணைத் திரையில் வைத்து, கையைத் தவராசாவின் பக்கம் நீட்டினார்.

"ரீவியைப் பாக்காத. என்ட கையைப் பாரு. ஒரு விரல் பெட்டிப் பொத்தான். ரெண்டு விரல் முக்கோணம். பொத்தினா வட்டம்."

"காக்கா, இது என்ன விளையாட்டு?"

"பாரு எண்டன்."

முதல் தடவை தடியன் நாலில் விழுந்தான். நாலு! தவராசா கதிரையின் நுனிக்கு வந்தார். பிறகு ஐந்து. பிறகு திரும்ப மூன்று. "கை பிந்திட்டுது, என்ட பிழை" என்றார் றஹ்மான். துறைமுகத்தில் அவர் அப்படி ஒத்துக்கொண்டதாகத் தவராசாவுக்கு ஞாபகமில்லை. மீண்டும் தொடங்கினார்கள். விரல், விரல், பொத்திய கை, விரல். கமலாதேவி குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

திரையில் பெரிய மஞ்சள் எழுத்து மின்னியது. தவராசாவின் கண் இன்னும் றஹ்மானின் கையில்தான் இருந்தது. கை பொத்தியபடி நின்றது.

"என்ன? அடிச்சாச்சோ?"

"ஏழும் பட்டிட்டுது" என்றாள் கமலாதேவி.

"நான் பாக்கேல்லையே!"

"நீ எப்ப பாத்தாய்? உனக்குச் சாமான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது" என்று றஹ்மான் கதிரையில் விழுந்து சிரித்தார்.

வதனி சிரிக்கவில்லை.

"இது செல்லாது."

"என்ன செல்லாது?"

"ரெண்டு பேர் சேந்து அடிச்சது. கள்ளாட்டம்."

"நீ தனிய எண்டு சொல்லேல்ல."

"விளையாட்டெண்டால் ஒராள்தான் அப்பா! அது சொல்லவும் வேணுமோ?"

"மகள், எங்கட தொழிலில ரெண்டாள் இல்லாட்டி விஞ்சைத் தொடவே விடமாட்டாங்க" என்றார் றஹ்மான்.

"இது விஞ்ச் இல்லை மாமா!"

தவராசாவுக்கு ஒரு மாதத்து அலுப்பும் ஒன்றாக ஏறியது. "இஞ்ச பார். நான் என்ர சீவியத்தில ஒரு வேலையும் தனியச் செய்யேல்ல. தனியச் செய்யிறவனை நாங்கள் விஞ்சில ஏத்திறதும் இல்லை. இதை மட்டும் ஏன் நான் தனியச் செய்ய வேணும்?"

"அப்ப என்னை மட்டும் ஏன் தனிய அனுப்பப் பாக்கிறியள்?"

கத்தித்தான் சொன்னாள். சொன்னபிறகு அவளுக்கே திடுக்கிட்டது. கொன்ரோலரை எடுத்து அதன் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

போன வருடம் அவள் கொழும்புக்குப் போய்விட்டு வந்தாள். போகும்போது கூட்டாளியும் கூட்டாளியின் மாமியும் இருந்தார்கள். திரும்பும்போது தனி. அன்று வீட்டுக்கு வர மிகவும் பிந்தியது. "பஸ் பழுதாப்போச்சு" என்றாள். தவராசா பஸ்காரனைத் திட்டிவிட்டுப் படுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

"பழுதாகேல்ல" என்றாள் இப்போது, வயரைப் பார்த்தபடி. "சாவடியில ஆமி என்னை மட்டும் இறக்கினவங்கள். ஐடென்ரிக் காட்டைக் கொண்டுபோனவங்கள். ஒரு அறையில மர வாங்கில இருக்கச் சொன்னாங்கள். ஒண்டும் செய்யேல்ல. ஒண்டும் சொல்லவும் இல்லை. யன்னலால பாத்தன், பஸ் போகுது. என்ர பையும் அதுக்குள்ள. நான் இருக்க இருக்க, பஸ் போயிட்டுது அப்பா."

கமலாதேவி அகப்பையை வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். றஹ்மான் தரையைப் பார்த்தார்.

தவராசாவுக்கு முதலில் வந்தது அலுப்புத்தான். வேறெதுவும் அவருக்கு அவ்வளவு கெதியில் வராது.

"இதைச் சொல்ல உனக்கு ஒரு மாசமோ? இந்தா பார், என்ர விரலைப் பார்! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இந்தத் தடியனோட நான் ஏன் கிடந்து மாரடிக்கிறன்?"

"நீங்கள் கேக்கேல்ல."

தவராசா எழும்பி நின்றார். திரும்ப இருந்தார்.

"ஆம்பிளை கூட வந்தால் கரைச்சல் கூடும் எண்டு நினைச்சன் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளையைத் தனிய எண்டால் பேசாமல் விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்." அது உண்மை. சண்டை திரும்ப மூண்ட தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அவர் தம்பலகாமச் சந்தியைத் தாண்டிப் போனதில்லை என்பதும் உண்மை. அதை அவர் சொல்லவில்லை. கமலாதேவிக்குத் தெரியும்.

"கரைச்சல் எண்டால் ரெண்டு பேரும் இறங்குவம்" என்றாள் வதனி. "பஸ் போனால் போகட்டும்."

றஹ்மான் தொண்டையைச் செருமினார். "லீவுக்கு நான் ஓவசியரிட்டக் கதைக்கிறன். ஆனா தவராசா, கெதியா வந்திரு. நீ இல்லாட்டி அந்தப் புதுப் பொடியனத்தான் தருவாங்க. அவன் என்ட கையப் பாக்கமாட்டான். கடலில கொக்குப் பாப்பான்."

பதிவுக்கு முதல் நாள் விடிய, தகப்பனும் மகளும் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். சீற் கிழிந்திருந்தது. யன்னல் திறக்கவில்லை. முன்னாலிருந்தவர் கருவாட்டுப் பொதியோடு வந்திருந்தார். தவராசா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பலகாமச் சந்தி வந்ததும் பேச்சு நின்றது. மடியிலிருந்த பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். வதனி அதைப் பார்த்தாள். கேட்கவில்லை.

இரண்டு சாவடிகளில் எல்லாரையும் இறக்கி ஏற்றினார்கள். மூன்றாவதில் ஒரு சிப்பாய் உள்ளே ஏறி, அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்து, வதனிக்கு நேரே விரலை நீட்டினான். அவளை மட்டும்.

தவராசா எழும்பினார். துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் சொன்னார்:

"தென்னெக், மாத்தயா." இரண்டு பேர், ஐயா.

சிப்பாய் அவரைப் பார்த்தான். பிறகு இருவரையும் இறங்கச் சொல்லிக் கையசைத்தான்.

அறையில் வாங்கு இருந்தது. இருந்தார்கள். அட்டைகள் உள்ளே போயின. வெளியே பஸ் இரைந்தது, நகர்ந்தது, போயிற்று. இந்த முறை பைகளைத் தங்களோடு இறக்கி வைத்திருந்தார்கள். வதனி சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

தவராசா தொடங்கினார். வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது என்றார். பஸ்காரன் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு பாதி வழியில் விட்டுவிட்டான் என்றார். வாங்கின் ஒரு கால் கட்டை, ஆடுகிறது, மனிசர் இருக்கிற வாங்கோ இது என்றார். அதையே வாசலில் நின்ற சிப்பாய்க்குச் சிங்களத்திலும் சொன்னார்.

சிப்பாய் இளையவன். குனிந்து வாங்கின் காலைப் பார்த்தான். வெளியே போய் ஒரு ஓட்டுத் துண்டோடு வந்து, காலுக்குக் கீழே செருகினான். ஆட்டிப் பார்த்தான்.

"தன் ஹொந்தத?" இப்போது சரியா?

"பரவாயில்லை" என்றார் தவராசா தமிழில். அவர் ஒன்றைப் பரவாயில்லை என்று சொல்லி வதனி கேட்டது அதுதான் முதல் தடவை.

அட்டைகள் மதியத்துக்குப் பிறகு வந்தன. அடுத்த பஸ்ஸில் இருக்க இடமில்லை. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு குருநாகல்வரை நின்றபடி போனார்கள்.